பெண்கள் நலத் துறைக்கு வருகிறீர்களா? அளக்கப் பழகிவிட்டு வாருங்கள்

பயோடெக் படித்தவர்கள், நர்ஸிங் முடித்தவர்கள், டேட்டா வேலையில் சலித்தவர்கள் எனப் பலரும் இப்போது 'பெண்கள் ஆரோக்கியத்தில் ஏதாவது செய்ய வேண்டும்' என்று கிளம்புகிறார்கள். நல்லது. ஆனால் வரும்போதே பலர் கையில் ஒரு செயலிக்கான யோசனை இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் கதையைக் கேளுங்கள். இந்தத் துறையில் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கால் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இறக்கிறார்கள். மருந்து கிடைக்காதது மட்டும் காரணம் இல்லை. எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, பனிக்குட நீரோடு கலந்தது எதுவும் கணக்கில் சரியாக ஏறாது. அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். தாண்டிவிட்டது என்பதுதான் தெரியாது.

2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் பெல்காம் கிராமங்களில், இந்த உதிரப்போக்கைத் தடுக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரையைச் சோதித்தார்கள். வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் நடந்த பிரசவங்களில் கிராமச் செவிலியர்களே மாத்திரை கொடுத்தார்கள். அது பலிக்கிறதா என்று அறிய ரத்தத்தை அளந்தாக வேண்டும். அதற்காகத் தாயின் இடுப்புக்கடியில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். நுனியில் புனல் போல ஒரு பை, பையில் மில்லிலிட்டர் கோடுகள். அவ்வளவுதான். 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வில் உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. 2006-இல் முடிவு வெளியானபோது பேசப்பட்டது மாத்திரை. விரிப்பு வெறும் அளவுகோலாக மூலையில் நின்றது.

2023-இல் அதே வகை விரிப்பு நடுமேடைக்கு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள். விரிப்பு ஆபத்தைக் காட்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, அதைச் சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், ரத்தம் வரும் இடத்தைப் பரிசோதிப்பது என ஐந்தும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று காத்திருக்கக் கூடாது. வழக்கமான முறையில் உதிரப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள்; இங்கே 93 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு 4.3-லிருந்து 1.6 சதவீதமானது. இந்த ஐந்தில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை!

ஆகவே முதல் வேலை: பயோடேட்டாவைத் திருத்துவதற்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு லேபர் வார்டில் ஓர் இரவு நில்லுங்கள். அது வாய்க்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரும் நாளில் ஒரு முழுப் பகல். கருவிகளைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் எந்தக் கட்டம் உடனே நிரம்புகிறது, எது விடிந்தபின் ஞாபகத்திலிருந்து நிரம்புகிறது? "சிஸ்டர், இதை எப்போ எழுதுவீங்க?" என்று கேட்டால் சொல்வார்கள். டூட்டி மாறும் நேரத்தில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் யோசனை யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் நடத்திய ஆய்வு இதற்குப் பாடநூல். செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே சரக்கு, தடவி வெள்ளையாக மாறும் இடத்தைப் பார்த்தார்கள். ஆய்வகம் வேண்டாம், ரிப்போர்ட்டுக்காக இரண்டாவது முறை பஸ் ஏற வேண்டாம். 2007-இல் வந்த முடிவின்படி கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. நேர்முகத் தேர்வில் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பேச்சு உருப்படியான திசைக்குத் திரும்பும்.

கெட்டிக்காரத்தனத்தில் மயங்காமலிருக்க இன்னொன்று. உதிரப்போக்கை அடைக்கும் வெளிநாட்டு பலூன் கட்டுப்படியாகாத டாக்காவில், 2000-இல் டாக்டர் சாயிபா அக்தர் ஆணுறையை கத்தீட்டரில் கட்டி, உப்புநீர் நிரப்பிக் கருப்பைக்குள் ரத்தத்தை நிறுத்தினார். உலகம் கொண்டாடியது, நியாயமாகவே. பின்னாளில் பெனின், மாலி நாடுகளில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் பலன் தென்படவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனம் பலூன் முறையை, தேவைப்பட்டால் உடனே அறுவைக்குப் போகவும் ரத்தம் ஏற்றவும் வழியுள்ள இடங்களுக்கே பரிந்துரைக்கிறது. இரண்டு பாதியையும் தெரிந்து வைத்திருப்பவரைத்தான் குழுவில் சேர்ப்பார்கள்.

டேட்டா பக்கம் இருப்பவர்களுக்கு: ஆண், பெண் என்று பிரித்த பத்தி இல்லாத அட்டவணையில் கையெழுத்துப் போடாதீர்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992-இல் அனுமதி கிடைத்தது. பெண்களின் ரத்தத்தில் அது காலைவரை அதிகமாகத் தங்குகிறது என்று சொல்லி அவர்களுக்கான அளவைப் பாதியாக்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-இல்தான்.

மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு 'குட் கிளினிக்கல் பிராக்டிஸ்' சான்றிதழும், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்திருப்பதும் நுழைவுச் சீட்டு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. நண்பர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வைக்கும். அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

யாரும் சீந்தாத ஒரு மூலையும் உண்டு: கொள்முதலும் கிடங்கும். கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நின்றுபோகும் ஊர்களுக்காகத்தான் வெப்பம் தாங்கும் கார்பெடோசின் வந்தது. 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் டெண்டர் ஆவணம் ஒன்றைப் படித்துப் பாருங்கள், அலுப்பாக இருந்தாலும். விரிப்பு தீர்ந்துபோன வாரத்தில் வார்டு மறுபடியும் கண்ணால்தான் அளக்கும். அந்த வாரம் வராமல் இண்டென்ட் போடுகிறவர் யார் என்று அங்கே கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்த நாற்காலி காலி.