போனில் சொன்ன ‘சரி’ என்னைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் கணவர், இரண்டு பிள்ளைகள், வயதான மாமியாருடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். கரண்ட், கேஸ் இரண்டு பில்லும் என் பெயரில்தான் வருகின்றன. மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் பணம் போகிறது. இதுவரை தனியாக எந்தத் திட்டமும் எடுத்ததில்லை, கம்பெனி போடுகிற விலைதான். போன வாரம் வேறொரு கம்பெனிக்காகப் பேசுவதாக ஒருவர் போன் செய்தார். “அடுத்த மாதம் விலை ஏறப்போகிறது, இன்றைக்கே ஒரு வருடத்துக்கு ஃபிக்ஸ் பண்ணிக்கொள்ளுங்கள்” என்றார். அவசரத்தில் ‘சரி’ சொல்லிவிட்டேன். மறுநாள் ஒப்பந்தம் ஈமெயிலில் வந்தது. இடையில் விலகினால் கரண்டுக்கு 50, கேஸுக்கு 50 பவுண்ட் கட்ட வேண்டுமாம். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரரோ, தன்னைக் கேட்காமல் கம்பெனி மாற்றக்கூடாது என்கிறார். வாடகை ஒப்பந்தம் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. நான் சொன்ன ‘சரி’ செல்லுமா? ஃபிக்ஸ் பண்ணுவது நல்லதா, இப்படியே இருப்பது நல்லதா?
— வாசகி, ஹாரோ

பதில்: உங்கள் விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம் என்பதால் உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டோம். இதே சிக்கலில் பலர் இருப்பதால் அதை இங்கே விரிவாகத் தருகிறேன்.

முதலில் அந்த ‘சரி’. கையெழுத்து இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் அப்படியல்ல. விலையும் காலமும் சொல்லி ஒருவர் கேட்க, நீங்கள் போனில் சம்மதம் சொன்னாலே ஒப்பந்தம் ஆகிவிடும். அந்தப் பேச்சு பெரும்பாலும் பதிவாகியும் இருக்கும். ஆகவே ‘கையெழுத்துப் போடவில்லை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். சும்மா இருந்தால் ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிடும்.

ஆனால் போனிலோ, ஆன்லைனிலோ, வீட்டு வாசலிலோ செய்த ஒப்பந்தத்திலிருந்து காரணம் எதுவும் சொல்லாமலே விலக உங்களுக்கு 14 நாள் உண்டு. 2013-ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் கான்ட்ராக்ட்ஸ் விதிகள் இந்த உரிமையைத் தருகின்றன. இதைத்தான் ‘கூலிங் ஆஃப்’ காலம் என்கிறார்கள். ஒப்பந்தம் ஆன மறுநாளிலிருந்து நாளை எண்ண வேண்டும். இந்த 14 நாளுக்குள் விலகினால் விலகல் கட்டணமான அந்த 100 பவுண்ட் கிடையாது. நீங்களே கேட்டுக்கொண்டதன் பேரில் அதற்குள் சப்ளை தொடங்கியிருந்தால், பயன்படுத்திய கரண்டுக்கும் கேஸுக்கும் மட்டும் பணம் கட்ட வேண்டும். இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதையே கம்பெனி உங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்றால், அந்தக் காலம் 12 மாதம் வரை நீளும்.

விலகுவதைப் போனில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். குறித்த காலத்துக்குள் விலகினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. ஒப்பந்த எண், பெயர், முகவரி, ஒப்பந்தம் ஆன தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்’ என்று ஒரே வரியில் ஈமெயில் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய நாள்தான் கணக்கு. அவர்கள் அதை எப்போது திறந்து பார்த்தார்கள் என்பது கணக்கில்லை. அனுப்பிய ஈமெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். 2022 ஜூலையிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் கம்பெனி மாற்றம் முடிந்துவிடுகிறது. எனவே நீங்கள் ரத்து செய்யும்போது ஏற்கெனவே புதிய கம்பெனிக்கு மாறியிருக்கக்கூடும். அப்படியானால் பழைய கம்பெனிக்குத் திரும்புவதா, வேறொன்றுக்குப் போவதா என்று முடிவு செய்து நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கிடையில் கரண்ட் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். வயரும் குழாயும் அதேதான், பில் அனுப்புகிறவர் மட்டுமே மாறுகிறார்.

அடுத்து, விலை. ‘அடுத்த மாதம் ஏறப்போகிறது’ என்று அவர் சொன்னது சரியா என்பதை நீங்களே சரிபார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2019 ஜனவரி 1 முதல் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு விலை உச்சவரம்பு நிர்ணயிக்கிறது. வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது. தனியாகத் திட்டம் எடுக்காத உங்களைப் போன்றவர்களின் விலை இந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து இந்த வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் மாறுகிறது. புதிய வரம்பைப் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பிற்பகுதியில் ஆஃப்ஜெம் முன்கூட்டியே அறிவித்துவிடும். அந்த அறிவிப்பு வராமல் ‘நிச்சயம் ஏறும்’ என்று ஒருவர் சொன்னால் அது வெறும் ஊகம். ஊகத்தை உண்மையைப் போலச் சொல்லி ஒப்பந்தத்துக்கு இழுப்பது சட்டப்படி தவறான வியாபார நடைமுறை. தன் சார்பில் பேசுகிற ஏஜென்ட் செய்ததற்குக் கம்பெனியே பொறுப்பு. எனவே அவர் பேசிய தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

இந்த உச்சவரம்பைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். செய்தியில் சொல்லும் ஆண்டுத் தொகைக்கு மேல் பில் வராது என்று நினைக்கிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும் நாள் கட்டணமான ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். சராசரி அளவில் கரண்டும் கேஸும் செலவாகும் ஒரு வீட்டை வைத்துக் கணக்கிட்ட தொகையைத்தான் செய்தியில் சொல்கிறார்கள். அதற்கு மேல் எரித்தால் பில்லும் மேலேதான் வரும்.

நீங்கள் இணைத்து அனுப்பிய பில்லையும் புதிய ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் வீட்டில் ஆண்டுக்கு 3,100 யூனிட் கரண்டும் 12,000 யூனிட் கேஸும் செலவாகின்றன. இப்போது கரண்ட் யூனிட்டுக்கு 26 பென்ஸ், நாளுக்கு 54 பென்ஸ். கேஸ் யூனிட்டுக்கு 6.3 பென்ஸ், நாளுக்கு 34 பென்ஸ். இந்த விலையே நீடித்தால் ஒரு வருடத்துக்கு 1,883 பவுண்ட் ஆகும். புதிய ஒப்பந்தத்தில் கரண்ட் 24.8 பென்ஸ், நாளுக்கு 56 பென்ஸ். கேஸ் 5.9 பென்ஸ், நாளுக்கு 35 பென்ஸ். இதன்படி 1,809 பவுண்ட். மிச்சம் 74 பவுண்ட். யூனிட் விலை இறங்கியிருந்தாலும் நாள் கட்டணம் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். குறைவாகச் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்கு இதே ஒப்பந்தத்தில் மிச்சம் இன்னும் சுருங்கிவிடும்.

இனி இதைத் திருப்பிப் பாருங்கள். வரும் ஒரு வருடத்தில் உங்கள் இப்போதைய கம்பெனியின் விலை சராசரியாக 4 சதவீதம் இறங்கினாலே அந்த 74 பவுண்ட் மிச்சம் போய்விடும். 5 சதவீதம் ஏறினால் மிச்சம் 168 பவுண்ட் ஆகும். கேஸ் அதிகம் எரிவது குளிர்காலத்தில்தான். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான விலை எப்படி இருக்கும் என்பதே கணக்கைப் பெரிதாக மாற்றும். இந்த விலையை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் உச்சவரம்பு 3,549 பவுண்ட் வரை போனது. மக்கள் கட்டும் தொகை சராசரியாக 2,500 பவுண்டைத் தாண்டாமல் அரசு தலையிட்டுத் தாங்கிப் பிடித்தது. அடுத்த ஜூலையில் வரம்பு 2,074-க்கு இறங்கியது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து எந்தக் குடும்பமும் முடிவெடுக்க முடியாது. தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு: எடுத்த முடிவு தவறாகிப்போனால் வெளியே வர எவ்வளவு செலவாகும் என்பது. அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கான சட்ட நிலவரம் இது. ஃபிக்ஸட் திட்டத்தின் காலம் முடியும் வரை கம்பெனி தன்னிச்சையாக விலையை ஏற்ற முடியாது. நீங்கள் இடையில் விலகினால், ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால், விலகல் கட்டணம் கேட்கலாம். ஆனால் திட்டம் முடிவதற்கு முந்தைய 49 நாளில் அதைக் கேட்கக்கூடாது. அந்தச் சமயத்தில் திட்டம் முடியப்போவதைக் கம்பெனி உங்களுக்குக் கடிதம் மூலம் தெரிவிக்கவும் வேண்டும். உங்களைப் போல சாதாரண மாறும் விலையில் இருப்பவர்களிடம் எப்போதுமே விலகல் கட்டணம் கிடையாது. விலகல் கட்டணமே இல்லாத ஃபிக்ஸட் திட்டங்களும் சந்தையில் இருக்கின்றன. இரண்டு திட்டங்களுக்கு இடையே 30, 40 பவுண்ட்தான் வித்தியாசம் என்றால், விலகல் கட்டணம் இல்லாததையே எடுங்கள் என்பேன்.

கம்பெனியே திவாலானால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் மொத்தச் சந்தையில் கேஸ் விலை எகிறியபோது இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் விழுந்தன. வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. கணக்கில் இருந்த முன்பணம் காப்பாற்றப்பட்டது. ஆனால் ஃபிக்ஸ் பண்ணிய விலை பழைய கம்பெனியோடேயே போய்விட்டது.

வீட்டுக்காரர் விஷயம். கம்பெனிக்கு நேரடியாகப் பணம் கட்டுபவர் நீங்கள். எனவே கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையது. வாடகை ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கம்பெனியின் பெயர் இருந்தாலும், நீங்கள் மாறுவதை நியாயமில்லாமல் தடுக்கும் நிபந்தனையை 2015-ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டத்தின் கீழ் எதிர்க்கலாம். மாறிவிட்டு வீட்டுக்காரருக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது பழைய கம்பெனிக்கே மாற்றித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் அதைச் செய்து கொடுங்கள். மீட்டரையே மாற்றுவது வேறு விஷயம், அதற்கு அவர் அனுமதி தேவைப்படலாம். கரண்ட், கேஸ் பணத்தை வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் கொடுப்பவர்களுக்குக் கம்பெனி மாற்றும் உரிமை இல்லை.

நீங்கள் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும், மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கடைசி பில் பற்றிய தகராறுகளில் பெரும்பாலானவை அந்த எண்ணில்தான் வருகின்றன. பழைய கம்பெனி ஆறு வாரத்துக்குள் இறுதி பில் தர வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய பணம் இருந்தால் அதன் பிறகு 10 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பழைய பாக்கியைப் பின்னால் கேட்டு வந்தாலும், உங்கள் தவறில்லாத பட்சத்தில் 12 மாதத்துக்கு முற்பட்ட செலவுக்கு பில் போட முடியாது. உங்கள் மாமியாருக்குக் கரண்டில் இயங்கும் மருத்துவக் கருவியோ வேறு உதவித் தேவையோ இருந்தால், ‘பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்’ பட்டியலில் சேர்க்கும்படி புதிய கம்பெனியிடம் நீங்களே கேளுங்கள்.

ஏஜென்ட் பேசியது குறித்தோ, விலகல் கட்டணம் குறித்தோ கம்பெனி மழுப்பினால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, முடியாது என்று அதற்கு முன்பே கடிதம் தந்துவிட்டாலோ எனர்ஜி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். முன்கூட்டியே ஆலோசனை வேண்டும் என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் இலவசமாகக் கேட்கலாம்.

என் முடிவு இது. ஐந்து மாதத்தில் வீடு மாறும் வாய்ப்பு இருக்கும்போது, 74 பவுண்ட் மிச்சத்துக்காக 100 பவுண்ட் விலகல் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். 14 நாளுக்குள் அந்த ஒப்பந்தத்தை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். பிறகு விலகல் கட்டணம் இல்லாத ஃபிக்ஸட் திட்டங்களை உங்கள் பில்லில் உள்ள யூனிட் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்ட காலம் அதே வீட்டில் இருப்பவர்களுக்கு, மாதாமாதம் இவ்வளவுதான் என்ற நிம்மதி வேண்டும் என்றால், ஃபிக்ஸட் திட்டம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை நீங்களாகத் தேடி, விலையையும் நாள் கட்டணத்தையும் விலகல் கட்டணத்தையும் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். போனில் யாராவது இன்றைக்கே முடிவு சொல்லச் சொன்னால், “எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.