குடத்தில் இட்ட பந்துகள்

புதிய சிகிச்சையொன்று பழையதினும் சிறந்ததோ என அறிய, நோயாளரை எழுமாறாக இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்தார்க்குப் புதியதையும் மற்றவர்க்குப் பழையதையும் அளித்து ஒப்புநோக்குதல் வழக்கம். நம் கல்லூரியிற் கற்று மருத்துவராயினோர் இதனை நன்கறிவர்; ஏனையோர்க்காகவே இங்கு எழுதுகின்றோம். கிடைத்துவரும் பெறுபேறுகளைக் கொண்டு இச்சோதனையை இடையிலே திருத்திக்கொள்வது இசைவாக்கமுறை எனப்படும். திருத்தும் விதி முன்னரே எழுதிவைக்கப்படல் வேண்டும். மனம்போன போக்கில் மாற்றுவது, பரீட்சை நடக்கும்போது வினாத்தாளைத் திருத்துவது போலாம்.

மூச்சுத்திணறி இறக்குந் தறுவாயிலுள்ள பச்சிளங் குழந்தையின் குருதியை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஊட்டி, மீண்டும் உடலுட் செலுத்தும் எக்மோ என்னும் முறையை, அமெரிக்காவின் மிச்சிகனில் பார்ட்லெட் என்னும் மருத்துவர் குழுவினர் இவ்வாறு சோதித்தனர். குடமொன்றில் சிகிச்சைக்கு ஒவ்வொன்றாக இரு பந்துகள். எடுத்த பந்தின்படி சிகிச்சை. எக்மோவால் குழந்தை பிழைத்தாலும், பழைய சிகிச்சையால் இறந்தாலும், எக்மோவுக்கு ஒரு பந்து கூடும். மறுதலையாயின் பழையதற்குக் கூடும். (நாம் கற்பனை செய்துகொள்வதற்காகவே குடம் என்கின்றோம், விதியே முக்கியம்.) முதற்குழந்தை எக்மோ பெற்றுப் பிழைத்தது. இரண்டாவது பழைய சிகிச்சை பெற்று இறந்தது. குடம் எக்மோவின் பக்கஞ் சாய்ந்தது. 1985 இல் வெளிவந்த முடிவின்படி, பன்னிரு குழந்தைகளுள் எக்மோ பெற்ற 11 உம் பிழைத்தன. பழைய சிகிச்சை பெற்றது இறந்த அந்த ஒன்றே.

கருணை மிக்க முறைதான். ஆயினும் ஒரேயொரு குழந்தையோடு பதினொன்றை ஒப்பிடுவதெங்ஙனம்? அவ்வொன்று இயல்பிலேயே மிக நலிந்திருப்பின் என் செய்வது? மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கிற்று. பொஸ்டனில் மீண்டுஞ் சோதித்தனர். ஒரு பக்கத்தில் நான்கு இறப்பு நேரின் மறுபக்கத்துக்கு மாறுவது அங்கு விதி. பழைய சிகிச்சை பெற்ற பத்தில் நான்கு இறந்தன. எக்மோ பெற்ற ஒன்பதும் பிழைத்தன. அதன்பின் எக்மோ மட்டும் பெற்ற இருபதில் 19 பிழைத்தன. 1989 இல் வெளிவந்த இதுவும் யாவரையும் தெளிவிக்கவில்லை. பிரித்தானியர் 185 குழந்தைகளைச் சமமாகப் பங்கிட்டுச் சோதித்து, வேறுபாடு தெளிவானதும் முன்னதாகவே நிறுத்தி, 1996 இல் முடிவை வெளியிட்டனர். எக்மோ பெற்ற 93 இல் 30 உம், பழைய சிகிச்சை பெற்ற 92 இல் 54 உம் இறந்தன.

குடத்தைக் குறைகூறுதல் எமக்கு உடன்பாடன்று; அது விரைந்து சாய்ந்ததே குறை. ஒரு குழந்தையின் இறப்பிலே சாய்ந்தமையால் அதன் சான்று மெலிந்தது. அம்மெலிவை நிரப்பப் பின்னரும் பல குழந்தைகள் பழைய பக்கத்திற் சேர நேர்ந்தது. இக்காலத்தில் இம்முறையைக் கையாளுவோர் பலர், முதலில் ஒரு தொகையினரைச் சரிபாதியாகப் பகிர்ந்த பின்னரே சாயவிடுகின்றனர். அத்தொகை எத்துணை என்பதிலேதான் வழக்கு.