மங்கலுக்கு லென்ஸைத் திட்டாதீர்கள்

கல்யாண மண்டபத்தில் முதன்முதலாகக் கேமராவோடு இறங்குகிற பலர், படம் மங்கலாக வந்ததும் அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் மங்கி, காதோ பின்னாலிருக்கும் பூ அலங்காரமோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. மேடைத் தூண் தெளிவாக இருந்து மணப்பெண் மட்டும் கலைந்திருந்தால் அவர் அசைந்திருக்கிறார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஃபோகஸ் தவறுவது, பெரும்பாலும் இடத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுவதால்தான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கும்; ஆனால் மேடையில் பத்து முகங்கள் இருக்கும்போது அது ஐயரின் கண்ணாகவும் இருக்கலாம்!

அடுத்த சிக்கல் அப்பர்ச்சர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ.தான். மாப்பிள்ளை அரையடி பின்னால் நின்றாலே போச்சு. ஜோடிப் படத்துக்கு எஃப் 4, இரண்டு வரிசைக் குடும்பப் படத்துக்கு எஃப் 5.6 முதல் 8 வரை வையுங்கள். பின்னணியைக் கரைக்கும் ஆசையில் பெரியப்பா முகத்தைக் கரைத்துவிட்டால், ஆல்பம் கொடுக்கிற அன்று பதில் சொல்ல முடியாது.

கை ஆட்டத்துக்கும் அசைவுக்கும் ஷட்டர் வேகமே மருந்து. நிற்பவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கு 1/500. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம். ஆடிய முகத்தைச் சரிசெய்வது கடினம். மலிவான எல்இடி விளக்குகளின் கீழ் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை விழுவதுண்டு. முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு படம் எடுத்துச் சோதியுங்கள். தாலி கட்டும் நேரம் சில நொடிதான். உறவினர்கள் எழுந்து மறைப்பார்கள், அட்சதை பறக்கும். தொடர் ஃபோகஸில் வைத்து, இடத்தை முன்பே பிடித்துவிடுங்கள்.

கம்போசிஷனில் தொடக்கக்காரர்கள் முகத்தையே பார்க்கிறார்கள். ஃபிரேமின் நான்கு ஓரங்களைப் பார்ப்பதில்லை. தலையிலிருந்து முளைத்த டியூப்லைட், பாதி தெரியும் பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கட்டோடு வெட்டுண்ட கை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஓரடி நகர்ந்தால் பாதி தீரும். வைட் லென்ஸோடு நெருங்காதீர்கள், மூக்கு பெருக்கும். 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமி படத்துக்குப் பயன்பட்டது 105 மி.மீ. லென்ஸ். பின்னணியில் கண்ணை இழுக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆல்பத்தில் இரு பக்கமும் விரியும் படம் என்றால் முகத்தை நட்டநடுவில் வைக்காதீர்கள், மடிப்பு தின்றுவிடும்.

சீனியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை கேட்டுப் போகும்போது, பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய படங்களைவிட ஒரே கல்யாணத்தின் 30 படங்களை வரிசையாகக் கொண்டுபோங்கள். நாள் முழுக்க உங்களை நம்பலாமா என்பதைத்தான் அவர் பார்ப்பார்.