கம்ப்யூட்டரில் வரும் ‘அக்கவுண்ட்’ எச்சரிக்கைகள்: வியாபாரிகள் அறிய வேண்டியவை



நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தந்திச் சேவகர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினால், கல்லாவில் இருப்பவருக்கு நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும். குண்டூர் மிளகாய் விலையா, வழியில் லாரிக்கு ஏதும் ஆயிற்றா என்பது பிரித்துப் படிக்கும் வரை தெரியாது. எங்கள் தகப்பனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ‘உடனே பணம் அனுப்பவும்’ என்று தந்தி வந்தால் உடனே அனுப்ப மாட்டார். நம் நோட்டில் ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் நம்பருக்கு டிரங்க் கால் போட்டு, அந்தப் பார்ட்டியிடமே கேட்ட பிறகுதான் பணம் நகரும்.

2013 ஜூலையோடு தந்தி நின்றுவிட்டது. திடுக்கிட வைக்கும் செய்தி நிற்கவில்லை. இப்போது அது கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் வருகிறது.

உப்பளத்தில் உள்ள எங்கள் மொத்த மளிகைக் கடையில் இதில் நாங்கள் பட்டதைச் சொல்கிறோம். ஒரு திங்கட்கிழமை காலை, கணக்கு எழுதும் தம்பி ஓடிவந்து, “முதலாளி, அக்கவுண்ட்ல பிராப்ளம்னு வருது” என்றார். எங்களுக்கு ஓவர்டிராஃப்ட் கணக்குதான் நினைவுக்கு வந்தது. அன்று கொள்முதலுக்கு மூன்று செக் கொடுத்திருந்தோம். பேங்குக்குப் போன் செய்து மேனேஜரைக் கூப்பிட்டு, வரவு செலவெல்லாம் பார்க்கச் சொன்னோம். ஒரு குறையும் இல்லை. பிறகு விசாரித்தால், அது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் அக்கவுண்ட் பற்றிய சாதாரண அறிவிப்பு. முந்தின வாரம் கடவுச்சொல்லை மாற்றியிருந்தோம், அவ்வளவுதான். “இதற்கா இத்தனை கலவரம்?” என்று எல்லோர் முன்னிலையிலும் தம்பியைக் கடிந்துகொண்டோம். அந்தக் கடிந்த சொல்லுக்குப் பின்னால் என்ன விலை கொடுத்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

1. எந்த அக்கவுண்ட்?

குழப்பமே இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. நம் கடைக் கம்ப்யூட்டரில் மூன்று விதமான அக்கவுண்ட் உண்டு.

முதலாவது, டேலி போன்ற புரோகிராமில் நாம் எழுதும் பற்று வரவுக் கணக்கு. இரண்டாவது, பேங்கில் நம் பணம் இருக்கும் கணக்கு. மூன்றாவது, மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற கம்பெனிகளிடம் நம் பெயரில் இருக்கும் பதிவு. இதில் பணம் ஏதும் இல்லை. ஈமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் சேர்ந்த ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளலாம். திரை மூலையில் தானாக வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகையைப் பற்றியவையே. ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்த அக்கவுண்ட்?’ என்பதுதான்.

2. உண்மையான எச்சரிக்கைகள்

(அ) மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பிரச்சினை, கடவுச்சொல் மாறியிருக்கலாம் என்ற அறிவிப்பு. கடவுச்சொல் மாறியபோதும், ‘நீங்கள்தானா’ என்று சரிபார்க்க வேண்டியபோதும் வரும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் தீர்ந்துவிடும். டேலிக் கணக்குக்கும் பேங்க் பணத்துக்கும் இதனால் பாதகமில்லை.

(ஆ) இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜி.பி., கூகுளில் பொதுவாக 15 ஜி.பி. இதை அலட்சியம் செய்யக்கூடாது. கூகுளில் இடம் நிரம்பினால் ஜிமெயிலுக்குப் புதுக் கடிதம் வராமல் போகும். ஆர்டரும் வரி நோட்டீசும் மெயிலில் வரும் காலம் இது. வேண்டாத படங்களையும் பழைய மெயில்களையும் நீக்கினாலே இடம் கிடைக்கும்.

(இ) புதிய கருவியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்தார்கள் என்ற அறிவிப்பு. நாமோ நம் பிள்ளைகளோ புது போனில் திறந்திருந்தால் கவலையில்லை. யாரும் திறக்கவில்லை என்றால் அன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

(ஈ) விண்டோஸ் 10 பற்றிய அறிவிப்பு. இதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் பூட்டுப் பழுதான கடை போல. பேங்க் வேலை செய்யும் கம்ப்யூட்டராக இருந்தால் புதிய விண்டோசுக்கு மாறுவதே நல்லது.

3. போலி எச்சரிக்கைகள்

போலிகளில் இரண்டு வகை அதிகம். ஒன்று, மூலையில் வரும் ‘வைரஸ் இருக்கிறது, சந்தா முடிந்தது’ என்ற சிறு கட்டம். ஏதோ ஒரு தளத்தைப் பார்க்கும்போது, ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்ற கேள்விக்கு நாம் ‘அலவ்’ என்று அழுத்தியிருப்போம். அந்தத் தளம்தான் பிறகு விளம்பரத்தை எச்சரிக்கை வேஷத்தில் அனுப்புகிறது. கட்டத்தை உற்றுப் பார்த்தால் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், கேள்விப்படாத ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். குரோம் செட்டிங்ஸில், பிரைவசி பகுதியில், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தை நீக்கிவிட்டால் தொல்லை ஒழியும். சந்தா உண்மையிலேயே முடிந்ததா என்பதை, அந்த வைரஸ் தடுப்புப் புரோகிராமையே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மற்றது ஆபத்தானது. திரை முழுதும் சிவப்பாகி, சங்கு ஊதுவது போல் ஓசை வந்து, ‘கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, இந்த நம்பருக்கு உடனே பேசவும்’ என்று நிற்கும். ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தாலே போலி. திரை பூட்டப்படவும் இல்லை. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவே. எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும், அல்லது ஆல்ட் பட்டனோடு எஃப்4 அழுத்தவும். அதற்கும் மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் குரோமை நிறுத்திவிடலாம். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

4. பேங்க், வரி இலாகா பெயரில் வருபவை

இவற்றுக்குத் தகப்பனாரின் டிரங்க் கால் வழக்கமே மருந்து. செய்தி காட்டும் வழியில் போகாமல், நமக்கு ஏற்கனவே தெரிந்த வழியில் போய்ப் பார்க்க வேண்டும்.

பேங்குகள் தங்கள் இணைய முகவரியை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள ரிசர்வ் பேங்க் உத்தரவிட்டது. முகவரியின் கடைசிப் பகுதியை இப்படிப் பார்த்துப் பழகுவது நல்லது. ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று மெயில் வந்தால் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், ஜிஎஸ்டி தளத்தில் நம் பெயரில் நுழைந்து, நோட்டீசும் உத்தரவும் காட்டும் பகுதியைப் பாருங்கள். மத்திய மறைமுக வரி வாரியம் 2019 நவம்பர் 8 முதலும், வருமான வரித்துறை 2019 அக்டோபர் 1 முதலும் தங்கள் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் கொடுக்கின்றன. அந்த எண்ணை அவரவர் தளத்திலேயே சரிபார்க்க வசதி உண்டு.

5. தவறு நடந்துவிட்டால்

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கவும். அடுத்து 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யவும். சைபர் பண மோசடிக்கென்று நாடு முழுதுக்கும் உள்ள உதவி எண் இது. பணம் கை மாறி மாறிப் போகும் முன் வழியில் நிறுத்தி வைக்க இதனால் முடியும். பேங்குக்கும் அதே நேரத்தில் சொல்லிப் புகார் எண் வாங்கவும்.

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் பேங்க் விட்ட சுற்றறிக்கை இதில் கணக்கு வைத்திருப்பவரின் பொறுப்பை வகுத்தது. நம் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் பணம் போய், பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால், நஷ்டம் நம்மைச் சேராது என்றது அந்தச் சுற்றறிக்கை. நாமே ஓடிபி சொல்லிக் கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரை போன பணம் நம்முடைய நஷ்டம்; சொன்ன பிறகு போவது பேங்கினுடையது என்றும் அது வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

6. நாங்கள் கற்ற பாடம்

முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறோம். தம்பியைக் கடிந்துகொண்ட இரண்டு மாதம் கழித்து, நாங்கள் மண்டிக்குப் போயிருந்த நேரத்தில், சிவப்புத் திரை வந்தது. அதிலிருந்த நம்பருக்குத் தம்பி பேசினார். எதிர்முனையில் இருந்தவர் பதமாகப் பேசி, நம் திரையை அவர் பார்க்கும்படி ஒரு புரோகிராமைப் போட வைத்தார். ‘அக்கவுண்ட் பத்திரமாக இருக்கிறதா பார்ப்போம்’ என்று நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொன்னார். கடை போனுக்கு வந்த ஓடிபியையும் தம்பி படித்துக் காட்டிவிட்டார். இரண்டு தவணையில் 68,000 ரூபாய் போயிற்று. அப்போது பகல் 12 மணி. எங்களிடம் சொன்னது கடை சாத்தும் நேரத்தில்.

“ஏன் தம்பி அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்டோம். “போன தடவை ஒண்ணுமில்லாததுக்கு பேங்க் வரைக்கும் போன் பண்ண வைச்சேன்னு திட்டினீங்க முதலாளி. இந்தத் தடவை நானே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்” என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அன்று இரவே 1930-க்குச் சொன்னோம். ஒரு சிறு பகுதி மட்டும் தடுத்து வைக்கப்பட்டுப் பிறகு திரும்பக் கிடைத்தது. மீதியைக் கடை நஷ்டத்தில் எழுதினோம். தம்பி சம்பளத்தில் பிடிக்கவில்லை. தம்பி இன்றும் எங்களிடமே கணக்கு எழுதுகிறார்.

அதன் பிறகு கடையில் சில ஏற்பாடுகள் செய்துள்ளோம். பணம் அனுப்பும்போது ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் அனுமதி கொடுக்கும்படி பேங்கில் எழுதிக் கொடுத்தோம். ஓடிபி வரும் போன் கம்ப்யூட்டர் மேஜையில் இருப்பதில்லை. டேலிக் கணக்கை வாரம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து வீட்டில் வைக்கிறோம். பேங்க், ஆடிட்டர், கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர், 1930 ஆகிய நம்பர்களை அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். திரையில் எந்த எச்சரிக்கை வந்தாலும் எதையும் அழுத்தாமல் வந்து சொல்லலாம். பத்து முறை வீணாகச் சொன்னாலும் ஒரு சொல் கேட்க வேண்டியதில்லை என்று எல்லோரிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

போன வாரம்கூடத் தம்பி ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் கூகுளில் இடம் நிரம்பியிருந்தது. “நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி” என்றோம்.

மோசக்காரன் நம் ஊழியரின் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறான். அந்தப் பயத்தை நாமே வளர்த்துக் கொடுக்காமல் இருப்போமாக.