ஒரு ஃபைலுக்காக ஊரையே கிளப்பாதே

தம்பி, வெள்ளிக்கிழமை ஒழுங்காக ஓடிய கோடு திங்கட்கிழமை படுத்துவிட்டால், உடனே ரெப்போ முழுவதையும் பின்னுக்குத் தள்ளக் கிளம்பாதே. பெரும்பாலும் உனக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைலின் பழைய வடிவம்தான். கிட் அதைத் தனியாகவே எடுத்துக் கொடுக்கும்.

அதற்கு முன் கையில் இருக்கும் வேலையைக் கமிட் செய்துவிடு. மெசேஜில் ‘அரைகுறை’ என்றே எழுது, யாரும் சிரிக்க மாட்டார்கள். கமிட் ஆகாத மாற்றத்தின் மேல் பழைய ஃபைல் வந்து விழுந்தால், கிட் உன்னை ஒரு வார்த்தை கேட்காது. போனது போனதுதான்.

எந்தக் கமிட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிட் லாக் போட்டு ஃபைல் பெயரைக் கொடு. அதைத் தொட்ட கமிட்டுகள் மட்டும் வரும். நடுவில் பெயர் மாறியிருந்தால் ‘ஃபாலோ’ சேர். ஃபைலையே அழித்திருந்தால் பெயருக்கு முன் இரண்டு ஹைஃபன் போட்டு இடம் விடு. காணாமல் போன ஃபங்ஷனைத் தேடுகிறாயா? ஹைஃபன், கேபிடல் எஸ், ஃபங்ஷன் பெயர். அது எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் போனது என்று காட்டிவிடும். ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிக்ஸ் 2’ என்றே மெசேஜ் எழுதும் டீமில் இதை விட்டால் வேறு கதி கிடையாது.

கிடைத்ததும் எதையும் மாற்றாதே, முதலில் பார். கிட் ஷோ 3ஏ9எஃப்21சி:எஸ்ஆர்சி/பில்.பை என்று, முக்காற்புள்ளிக்கு இருபுறமும் இடம் விடாமல் அடி. நீ எந்த ஃபோல்டருக்குள் நின்றாலும் பாதை ரெப்போவின் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

இதுதான் என்று உறுதியானால் கிட் ரீஸ்டோர், ‘சோர்ஸ்’ என்று அந்தக் கமிட், பிறகு ஃபைல். 2019-இல் வந்த 2.23 பதிப்பில்தான் இது சேர்ந்தது. அதுவரை கிளை மாறவும் செக்அவுட், ஃபைலை மீட்கவும் செக்அவுட். குழம்பாமல் என்ன செய்வார்கள்! செக்அவுட்டில் எடுத்த பழைய ஃபைல் நேரே ஸ்டேஜிங்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ரீஸ்டோரில் அப்படி இல்லை. டிஃப் பார்த்துவிட்டு நீயே ஆட் செய்யலாம். முழு ஃபைலும் வேண்டாமென்றால் ‘பேட்ச்’ சேர்; துண்டு துண்டாகக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்கும்.

ஃபைல் பெயரை விட்டுவிட்டு செக்அவுட் அடித்தால் ‘டிடாச்டு ஹெட்’ என்று ஒரு பாராவே வரும். பதறாதே. கிட் ஸ்விட்ச், ஒரு ஹைஃபன். பழைய கிளைக்குத் திரும்பிவிடுவாய். அங்கே நின்று ஏதாவது கமிட் செய்திருந்தால் மட்டும், கிளம்புமுன் அதற்கொரு கிளை போட்டுவிடு.

ஒரு ஃபைல் போதாது, கமிட்டையே பின்வாங்க வேண்டுமென்றால், புஷ் செய்த கிளையில் ரீசெட் ஹார்ட் வேண்டாம், ரிவர்ட் போடு. ஏற்கெனவே அடித்துவிட்டாயா? கிட் ரீஃப்ளாக் பார். செட்டிங்கை யாரும் மாற்றாதவரை, கமிட் ஆனது 30 நாளாவது அதில் இருக்கும். ஆனால் உன் மெஷினில் மட்டும்தான். பக்கத்து சீட்டில் போய்த் தேடாதே.