அந்திம ஸ்மிருதியும் மூளை விஞ்ஞானமும்

உற்சவ காலங்களில் எம்பெருமானை ஸேவிக்க வரும் குடும்பங்களில் இக்காட்சியைக் காணாதவர் இலர். அறுபது ஆண்டுகள் நாள் தவறாமல் திருப்பாவையும் விஷ்ணு ஸஹஸ்ரநாமமும் ஓதி வந்த முதியவர் ஒருவர், தாம் பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்தவராய்க் கைபிடித்து அழைத்து வரப்படுகிறார். திரை விலகித் திருமேனி தோன்றும்போதும் கைகூப்பத் தோன்றாமல் நிற்கிறார். உடன் வந்தவர்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகிறது: ‘முடிவு காலத்தில் பகவானை நினைக்க வேண்டும் என்கின்றன சாஸ்திரங்கள், நினைவே அழிந்துவிட்ட இவருக்கு என்ன கதி?’

இவ்வச்சம் காரணமற்றதன்று. கீதையின் எட்டாம் அத்தியாயத்தில், அந்திம காலத்தில் எதனை நினைக்கிறானோ அதனையே ஜீவன் அடைகிறான் என்று கண்ணபிரான் அருளிச்செய்தான். தவத்தில் சிறந்த பரத மகாராஜன், தான் வளர்த்த மானை நினைத்தபடியே உயிர்விட்டு மானாய்ப் பிறந்தான் என்பது ஸ்ரீமத் பாகவதம் கூறும் வரலாறு.

இக்கேள்வியை இக்காலத்து மூளை விஞ்ஞானம் இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. ஜெர்மனி தேசத்தில் ஐம்பத்தொரு வயதில் ஞாபகம் குலைந்து 1901-இல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெண்மணி ஒருவர் 1906-இல் மரணமடைந்தார். அலோய்ஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் அவருடைய மூளையை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே நார்ச்சிக்கல்களும் இருக்கக் கண்டார். அவர் பெயராலேயே அந்நோய் இன்று வழங்கப்படுகிறது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் இருபத்தேழு வயது இளைஞருக்கு வலிப்பு நோயைத் தீர்க்கும்பொருட்டு மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினர். வலிப்பு தணிந்தது, ஆனால் அன்று முதல் 2008-இல் மறையும் வரை, புதிதாக நிகழ்ந்தவற்றை அவரால் நினைவில் இருத்த இயலவில்லை. சற்று முன் பேசிவிட்டுச் சென்றவரும் மீண்டும் வரும்போது அவருக்குப் புதியவரே.

ஆகவே ஞாபகம் என்பது மூளையாகிய கருவியைப் பற்றி நிற்பது; கருவி பழுதுற்றால் அதுவும் பழுதுறும். பக்தன் என்பதற்காக இவ்விதி விலகிக்கொள்வதில்லை. இதனை ஆஸ்திகர்கள் மறைக்கவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா.

இங்கே இருவகைத் தவறு நேரக்கூடும். மூளையே எல்லாம், ஆன்மா என ஒன்று இல்லை என்று துணிவது ஒன்று. விஞ்ஞானமே தெய்வத்தை நிரூபித்துவிட்டது என்று மகிழ்வது மற்றொன்று. 2006-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பதினைந்து கார்மலைட் கன்னிகாஸ்திரீகளிடம், தாம் முன்பு பெற்ற இறையனுபவத்தை நினைவுகூரச் செய்து, அப்போது அவர்கள் மூளை இயங்கும் விதத்தைக் கருவியால் படமெடுத்தனர். ஒரு பகுதி மட்டுமன்றிப் பல பகுதிகள் அதில் ஈடுபடுவது தெரிந்தது. இதனால் அறியப்படுவது நினைப்பவருடைய மூளையின் செயலேயன்றி, நினைக்கப்பட்ட பொருள் உண்டு என்பதோ இல்லை என்பதோ அன்று. ஈச்வரன் அனுமானத்தால் ஸாதிக்கத் தக்கவனல்லன், சாஸ்திரம் ஒன்றினாலேயே அறியத் தக்கவன் என்று பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டியுள்ளார். அவ்வழி நிற்பவர்களுக்குப் படக்கருவியின் சாட்சி தேவையுமில்லை, அதனால் அச்சமுமில்லை.

ஜீவாத்மாவின் ஞானம் சரீர ஸம்பந்தத்தால் சுருங்கவும் விரியவும் கூடியது என்பது நம் ஸித்தாந்தம். குடத்துள் இட்ட விளக்கின் ஒளி வெளியே தெரியாது. அதனால் விளக்கு அவிந்ததாகாது. நினைவு மங்கிய முதியவரிடத்தும் குறைந்தது ஒளியின் பரவலே; சேஷபூதனான ஆத்மா குறைவுபடவில்லை. விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றினின்றும் வேறான மூர்ச்சை நிலையைப் பிரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் அத்தியாயம் தனியே எடுத்து ஆராய்வதால், உடல் தளர்ந்து அறிவு ஒடுங்கும் நிலை நம் பெரியோர்களுக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

ஆயினும் முதற்கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்திம ஸ்மிருதிக்கு என் செய்வது?

பூமிப்பிராட்டி இதனையே வராஹ நாயனாரிடம் விண்ணப்பித்தாள். மனம் நல்ல நிலையிலும் உடல் திடமாகவும் உள்ள காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தால் போதும். பின்பு அவன் கட்டைபோலவும் கல்லைப்போலவும் கிடக்கும்போது, தானே அவனை நினைந்து பரமகதிக்கு அழைத்துச் செல்வதாகப் பெருமான் வாக்களித்தான். இதுவே வராஹ சரம ச்லோகத்தின் பொருள். ஸ்வாமி தேசிகன் ‘ரஹஸ்ய சிகாமணி’யில் இதனை விரித்துரைத்தார். பெரியாழ்வாரும் திருவரங்கத்து எம்பெருமானிடம், இளைத்துக் கிடக்கும் அந்நாளில் நினைக்க மாட்டாமையால் இன்றே சொல்லி வைப்பதாக விண்ணப்பித்தார். பக்தியோகத்தைத் தன் முயற்சியால் அனுஷ்டிப்பவனுக்கே அந்திம ஸ்மிருதி அங்கமாகும். சரணமடைந்தவன் விஷயத்தில் அந்தப் பாரம் எம்பெருமானுடையதே என்பது ஆசாரியர்களின் நிர்ணயம்.

எனவே மூளை விஞ்ஞானம் பக்தர்களின் நம்பிக்கையில் ஒன்றை மாற்றத்தான் செய்கிறது. ‘நான் மறவாமல் நினைத்தேன், அதனால் பெற்றேன்’ என்னும் எண்ணத்திற்கு அது இடமில்லாமல் செய்துவிடுகிறது. அது போவது நஷ்டமன்று. நம் நினைவு அழியக்கூடியது. அவன் நினைவு அழியாதது. பேறு நிற்பது பின்னதன்மீதே.

அவ்வாறாயின் நாள்தோறும் ஓதுவது வீணோ எனில், அன்று. சரணமடைந்தவன் ஓதுவது பேற்றுக்கு விலையாக அன்று. அடிமைக்கு உகந்த கைங்கரியமாக. மேலே கூறிய மொலைசன், கண்ணாடியில் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். முன்னாள் பயின்றது மட்டும் அவர் நினைவில் இல்லை. நினைவு தங்காத இடத்திலும் பழக்கம் தங்கும் என்பது இதனால் தெளிவு. பெயர்களை மறந்த முதியோர் சிலர், பழகிய பாட்டின் முதலடியைக் கேட்டவுடன் தாமும் உடன்பாடுவதைக் காண்கிறோம். இளமையில் ஓதுவதன் அருமையை இது காட்டும்.

இல்லத்தில் இத்தகைய முதியவர் உள்ளோர், ‘ஏன் மறந்தீர்’ என்று அவரைக் கடிந்துகொள்ளலாகாது. பல்லாண்டையும் திருநாமங்களையும் அவர் செவியருகே மெல்லச் சொல்லி வருவதும், தீர்த்தமும் திருத்துழாயும் அளிப்பதும் பிள்ளைகளின் கடமை. அவர் உடன் சொல்லாவிடினும் குறையில்லை. திரை விலகியபோது கைகூப்பத் தோன்றாமல் நின்றவர் அவரே. அவரை நோக்கி நின்ற எம்பெருமான் அவரை மறந்தானல்லன்.

ஸர்வம் ஸ்ரீகிருஷ்ணார்ப்பணமஸ்து.