பணம் கட்டுமுன் தரகரை அறிவோம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே, கைப்பேசிவழிப் பங்கு வாங்கலாமா என்று உறவினர்கள் என்னைத்தான் கேட்கின்றனர். உழைத்துச் சேர்த்த பணமல்லவா? எனவே ஆராய்ந்தேன்.

ஆய்வகத்தில் புட்டியின் மேலுள்ள பெயரை நம்பி உப்பு இன்னதென்று எழுதுவதில்லை. உறுதிச் சோதனை செய்கிறோம். தரகருக்கும் அது வேண்டும்.

முதலாவதாக, அவர் கூறும் பதிவெண்ணைச் செபியின் இணையதளத்தில் தேடுக. பெயரோடு முகவரியும் ஒத்திருக்க வேண்டும். தனிமனிதர் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொன்னால் உடனே விலகுக.

பதிவு மட்டும் போதுமா? போதாது. கார்வி நிறுவனமும் பதிவு பெற்றதே. வாடிக்கையாளர் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் 2019 நவம்பரில், புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கச் செபி அதற்குத் தடை விதித்தது. 2023இல் பதிவையும் நீக்கியது.

ஆதலின் இரண்டாவது சோதனை: நம் பங்குகள் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். வைப்பகத்தில் நம் பெயரில் இருத்தல் வேண்டும். வைப்பகம் நேரே அனுப்பும் அறிக்கையைத் தரகரின் கணக்கோடு மாதந்தோறும் ஒப்பிடுக.

மூன்றாவதாக, சிறு தொகை செலுத்தித் திரும்ப எடுத்துப் பாருங்கள். "முதலில் வரி கட்டு, பிறகு பணம்" என்றால் அது மோசடியே.

இம்மூன்றும் தேறிய பின்னரே பெருந்தொகையைப் பற்றி எண்ணுதல் நன்று.